எத்தனை மாசம் நிக்கும்?

பட்டுக்கோட்டையிலிருந்து சேதுபாவாசத்திரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால், இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் வாசலோரம் ஒரு பைக் போர்த்திக்கொண்டு நிற்கும். சிலதுக்குப் பழைய புடவை. சிலதுக்கு உரச்சாக்கைப் பிரித்துத் தைத்தது. எங்கள் எதிர்வீட்டு வண்டிக்கு ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் பேனர். அதில் மொட்டைத் தலையோடு சிரிக்கிற குழந்தை இப்போது எட்டாவது படிக்கிறது. வண்டிக்காரர்கள் சிங்கப்பூரிலோ குவைத்திலோ துபாயிலோ இருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள், நாற்பது நாள் லீவில் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வண்டி நிற்கும்.

நிற்கிற வண்டி புதுசாகவே இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பழைய வண்டி விற்கிறவர்கள் மீட்டரைக் காட்டி, "ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தாம்பா ஓடியிருக்கு, ஷோரூம் வண்டி மாதிரி" என்பார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். அண்ணன் 2016 லீவில் வாங்கிய கறுப்பு 150 சிசி பைக்கை யாரும் தொடக்கூடாது. சித்தப்பா மகன் ஒருமுறை பேராவூரணி வரைக்கும் கேட்டதற்கு, "அவன் வந்து ஓட்டுவான்டா" என்று முடித்துவிட்டாள். அண்ணன் அங்கே தினமும் வேலைக்குப் போனது லாரியின் பின்பக்கத்தில். சிங்கப்பூரில் கட்டட வேலைக்காரர்களை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். லாரியில் உட்கார்ந்து போகிறவனுக்கு ஊரில் சொந்தமாக ஒரு வண்டி நிற்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அம்மா ஒரு முறை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா மகன் வந்து கிக்கரை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து அண்ணன் வீடியோ காலில் வருவான். "ஒரு தடவ முறுக்குடா" என்பான். தம்பி முறுக்குவான். அண்ணன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான். போனைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்.

2020 ஏப்ரலில் அவன் லீவில் வந்திருக்க வேண்டும். மார்ச் கடைசியிலேயே விமானம் நின்றது. ஏப்ரலில் அங்கே தொழிலாளர் விடுதிகளை அடைத்துவிட்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் அப்படி விடுதிக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு அறையில் பன்னிரண்டு பேர், இரட்டைக் கட்டில், சாப்பாடு வாசலுக்கு வரும். மாதக்கணக்கில் வேலையும் இல்லை. அந்த நாட்களில் அவன் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. புதன்கிழமை கூப்பிட்டு, "வண்டிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லேன் பாப்பா" என்பான். கூடவே அறையில் இருக்கிற புதுக்கோட்டைக்காரர் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பார். அவருக்கும் ஊரில் ஒரு வண்டி நின்றது.

அந்த வருஷ ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தம்பி வேர்க்க விறுவிறுக்க உதைத்தான். சோக்கை இழுத்தால் இரண்டு இருமல் இருமும். சோக்கைத் தள்ளினால் அணைந்துவிடும். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, "சிக்னல் சரியில்லப்பா, அப்புறம் பேசு" என்று கட் பண்ணினாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிக்னல் இல்லை.

2022 ஆகஸ்டில் அண்ணன் வந்தான். வந்த மறுநாளே வண்டியைக் குட்டியானையில் ஏற்றி மெயின்ரோட்டு மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனோம். அந்த மெக்கானிக்கின் பிழைப்பில் பாதி லீவு வண்டிகள்தான். நிற்கிற வண்டி ஒவ்வொன்றும் எப்படிக் கெடும் என்பது அவருக்கு மனப்பாடம். டிவிஎஸ் எக்ஸெல் மாதிரி பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி மரியாதையாகப் பேசுவார். பேட்டரி செத்தாலும் கவலையில்லை, மேக்னெட்டிலேயே கரண்ட் வந்துவிடும், பிளக்கைத் துடைத்துப் புது பெட்ரோல் ஊற்றினால் கிளம்பிவிடும். இப்போது வருகிற எஃப்.ஐ. வண்டிகள் என்றால் உதட்டைப் பிதுக்குவார். அதில் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுவதே கரண்ட் பம்ப். பேட்டரி சுத்தமாகச் செத்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது, நிறைய வண்டிகளில் கிக்கரும் கிடையாது. பேட்டரி ஸ்கூட்டர்களைக் காலி சார்ஜில் மாதக்கணக்காக நிறுத்தினால் பேட்டரியே போய்விடும், பாதி சார்ஜில் நிறுத்தணும் என்பார். எங்கள் வண்டி இதற்கெல்லாம் நடுவில் வருகிற ஜாதி. கார்புரேட்டர், கிக்கர் உண்டு, முன்னால் டிஸ்க் பிரேக்.

கடையில் ஒரு ஸ்டூல் கிடந்தது. நான்கு நாளும் நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் இருந்தால் எந்தப் பேச்சு எடுத்தாலும் 'இனி எப்போ போற' என்பதில் போய் நிற்கும், அதுவும் ஒரு காரணம்.

முதலில் சைலன்சர். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பார்கள். மெக்கானிக் அதைச் சொல்லி அண்ணனைப் பார்த்துச் சிரித்தார், அண்ணன் சிரிக்கவில்லை. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி நூலும் பஞ்சுமாகப் படுக்கை போட்டிருந்தது, இரண்டு ஒயரையும் கடித்திருந்தது. பேட்டரியைக் கழற்றித் தூரப் போட்டார். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஓடாவிட்டாலும் அது தன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நம்ம ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏறாது.

கார்புரேட்டரைப் பிரித்தபோது கீழே இருக்கிற கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை, அரக்கு மாதிரி ஒரு பூச்சுதான் இருந்தது. பெட்ரோலில் லேசாக இருப்பதெல்லாம் முதலில் ஆவியாகிப் போய்விடும், மிச்சம் பிசினாகிவிடும். ஊசி முனை அளவு துளை இருக்கிற பைலட் ஜெட்டை அதுதான் அடைத்திருந்தது. இருமல் விளங்கியது. டேங்க் இன்னும் மோசம். பாதி டேங்க் பெட்ரோல், மேலே பாதி காற்று. கடற்கரையிலிருந்து ஆறு கிலோமீட்டரில் காற்று எப்படியிருக்கும்? ராத்திரி குளிரில் அந்த ஈரம் டேங்கின் உள்சுவரில் வேர்க்கும். பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். 2022 ஜூனில் நாடு முழுக்கப் பத்து சதவீதம் எட்டியாயிற்று, அப்புறம் இருபது சதவீதம் வந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இரும்பு டேங்குக்கு அடியில் குளம் வெட்டினாற்போல. மெக்கானிக் டேங்குக்குள் ஒரு கை நட்டுகளைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கினார். செங்கல் பொடி மாதிரி கொட்டியது.

முன்சக்கரம் சுற்றவே இல்லை. டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன் துரு ஏறி இறுகியிருந்தது. பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற சாமான்தான், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. டயர் இரண்டிலும் பட்டன் கணக்காய் இருந்தது, ஆனால் ஓரத்தில் வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. மெயின் ஸ்டாண்டில் பின்சக்கரம் தூக்கி நிற்கும், முன்சக்கரம் தரையிலேயே ஒரே இடத்தில் அழுந்திக்கிடந்ததால் அந்த இடம் தட்டையாகிப் போயிருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்களுடையது 1116. மெக்கானிக் அதைத் தடவிக் காட்டி, "கிலோமீட்டர பாக்காதீங்க, இதப் பாருங்க. ரப்பருக்கு வயசுதான் கணக்கு" என்றார்.

அண்ணன் அவரிடம் ஞாயிற்றுக்கிழமை கதையைச் சொன்னான். வாராவாரம் ஸ்டார்ட் பண்ணித்தானே வைத்திருந்தோம் என்றான். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சு நிமிஷத்துக்கா? அதுக்கு சும்மாவே விட்டிருக்கலாம் தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி சூடேறி ஓடும்போது அது ஆவியாகிப் புகையோடு போய்விடும், நமக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷத்தில் சைலன்சரும் சூடாகாது, எஞ்சின் ஆயிலும் சூடாகாது. தண்ணீர் உள்ளேயே தங்கும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்துக்கு வரும். எங்கள் வண்டியிலிருந்து வடித்தது கும்பகோணம் டிகிரி காபி மாதிரிதான் இருந்தது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடுகிற வண்டியில் பேட்டரியும் உருப்படியாக சார்ஜ் ஆகாது. ஸ்டார்ட் பண்ணினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரணும், இல்லையா, தொடவே கூடாது.

அன்று ராத்திரி அண்ணன் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும், "சொல்லாதடி" என்றான். அந்த அஞ்சு நிமிஷத்தில் யார் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சைலன்சர் போனால் போகட்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

நாலாம் நாள் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, சாவியைப் போடாமலே பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாக உதைத்தார். வருஷக்கணக்கில் நின்றதில் மேலே இருக்கிற ஆயிலெல்லாம் கீழே இறங்கியிருக்கும், வறட்டு உலோகத்தோடு ஓட விட்டால் தேய்ந்துவிடும். அதன் பிறகுதான் சாவி. வண்டி பிடித்தது. எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. மூன்று வாரம் அண்ணன் அதிலேயே திரிந்தான். மகளை முன்னால் உட்காரவைத்து மனோரா வரைக்கும், அண்ணியோடு மன்னார்குடி வரைக்கும்.

திரும்பப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டியை மறுபடி கடைக்குக் கொண்டுபோனான். நானும் அண்ணியும் பஜாரிலிருந்து அண்ணியின் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்துகொண்டோம். மறுபடி இப்படி ஆகாமல் எப்படி நிறுத்துவது என்று அண்ணன் கேட்டான். மெக்கானிக் திருப்பிக் கேட்டார்:

"எத்தன மாசம் நிக்கும்?"

அண்ணன் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவர் விளக்கினார். ஒரு மாசம் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். மூணு நாலு மாசம் என்றால் டேங்கை முட்ட நிரப்பி, பேட்டரி ஒயரைக் கழற்றினால் போதும். வருஷம் தாண்டும் என்றால் வேலை வேறே, பெட்ரோல் சொட்டு இல்லாமல் வடிக்கணும். "நீங்க சொல்றத வச்சுத்தான் நான் செய்யணும் தம்பி. நெரப்புறதா, வடிக்கிறதா?"

இதுதான் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அம்மாவிடம் அவன் எப்போதும், "அடுத்த வருஷம் வந்துருவேம்மா" என்பான். அண்ணியிடம், "இந்தக் கடன் முடியட்டும்." கஜா புயலில் விழுந்த தென்னைகளுக்குப் பதில் வைத்த கன்று காய்க்கட்டும் என்று ஒரு கணக்கு. மகளிடம் உன் பிறந்தநாளைக்கு என்பான், எந்தப் பிறந்தநாள் என்று சொல்லமாட்டான்.

"ரெண்டு வருஷம்" என்றான். அப்புறம், "கூடவும் ஆகலாம்."

அண்ணி ஸ்கூட்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, வேலையைத் தொடங்கினார். டேங்கை வடித்து உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுற்றிலும் படும்படி உருட்டினார். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து கடைசிச் சொட்டையும் விட்டார். ஓடின ஆயிலில் புளிப்பு இருக்கும் என்று, நிறுத்தப்போகிற வண்டிக்கே புது எஞ்சின் ஆயில் ஊற்றினார். பேட்டரியைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்து, மாசம் ஒருக்கா கொண்டாங்க, சார்ஜ் போட்டுத் தரேன் என்றார். சைலன்சர் வாயில் துணி அடைத்து ஒரு முனையைச் சிவப்பாக வெளியே தொங்கவிட்டார், எடுக்க மறந்துவிடக் கூடாதாம். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த வெள்ளி நிற பிளாஸ்டிக் கவரை அவர் விரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், நூல் புடவைதான் நல்லது என்றார். அம்மா வென்ற ஒரே இடம் அது.

வடித்த பெட்ரோல் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாதது. அண்ணியின் ஸ்கூட்டியில் ஊற்றினார்கள்.

அந்த முறை அவன் வர இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆனது. 2024 நவம்பரில் வந்தான். பேட்டரியை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, பிரேக் ஆயில் மாற்றி, மதியச் சாப்பாட்டுக்குள் வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. முன்சக்கரத்துக்கு அடியில் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்திருந்ததால் புது டயர் வட்டமாகவே இருந்தது.

போவதற்கு முதல்நாள் சாயங்காலம் அவனே வாசலில் உட்கார்ந்து டேங்கை வடித்தான். யாரும் மாசம் கேட்கவில்லை. அண்ணி உள்ளேயிருந்து ஐந்து லிட்டர் கேனைக் கொண்டுவந்து குழாய்க்குக் கீழே பிடித்தாள். இப்போது மாசம் பிறந்தால் பேட்டரியைக் காய்கறிப் பையில் வைத்து ஸ்கூட்டியில் கடைக்கு எடுத்துப்போவதும், வருஷம் பிறந்தால் இன்ஷூரன்ஸ் கட்டுவதும் அவள்தான். ஆர்.சி. 2031 வரைக்கும் இருக்கிறது. அதற்குள் வந்துவிடுவானாம்.