பெரியப்பாவின் ரங்கூன் குளிர்காலம்
ஏப்ரல் வெயிலில் வேகும் ரங்கூனுக்கு, ஜனவரி விடியற்காலையின் 18 டிகிரியே கடுங்குளிர். தின்கன்ஜூனில் இருக்கும் பெரியப்பா மஃப்ளர் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கே டீக்கடைக்குக் கிளம்பிடுவார். குட்டை ஸ்டூல், சுடச்சுட மொஹிங்கா, மேசையில் காசில்லாமல் வைக்கும் பச்சைத் தேநீர் பிளாஸ்க். அதை வைத்தே ரெண்டு மணி நேரம் ஓடும், தமிழும் பர்மீயமும் கலந்த பேச்சில்.

1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். தாத்தா போகவில்லை. பெரியப்பாவுக்கு அப்போ 12 வயசு.

இன்று பென்ஷன் கிடையாது, நாங்க அனுப்புறதுதான். கூட்டாளிகளும் குறைஞ்சுட்டாங்க.

"சிங்கப்பூருக்கே வந்துடுங்க பெரியப்பா" என்றேன்.

"வரலாம்ப்பா. காலையில நான் வரலைன்னா, அங்க யாரு வீடு தேடி வருவா?"