வேர்க்குரு இல்லை, தேக்கு

மரவேலை செய்கிறவர்களுக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் அரிப்பு வந்தால், "வேர்க்குருதான், பவுடர் போடு" என்று முடித்துவிடுகிறோம். பல நேரம் காரணம் மரமேதான். தேக்கில் டீஆக்சிலபகோல், ஈட்டி மரத்தில் டால்பெர்ஜியோன். இரண்டும் குயினோன் வகை வேதிப்பொருள்கள். கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் மரம் வைத்திருக்கும் சரக்கில் இதுவும் சேர்த்தி. நம் தோலுக்கும் ஆகாது.

இதில் ஏமாற்றுவது காலம். வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாது. பிறகு ஒருநாள் உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். அதற்கப்புறம் கொஞ்சம் தூள் பட்டாலே தோல் தடிக்கும், கண்ணிமை வீங்கும். "எனக்கெல்லாம் பழகிப்போச்சு தம்பி" என்கிற ஆசாரியண்ணன்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

தோலோடு முடிவதில்லை. இழைப்புளியில் சீவல் சுருள் சுருளாக விழும், கூட்டித் தள்ளினால் போதும். சாண்டர் மெஷின் அதையே மாவாக்கி மூச்சில் ஏற்றுகிறது. மரத்தூள் மூக்கினுள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே பதிவுசெய்துவிட்டது.

தோள் துண்டை மூக்கில் கட்டினால் போதாது. என்95 மாஸ்க் வேண்டும். மேலில் ஒட்டிய தூளைக் காற்றடித்து ஊதாமல் கழுவ வேண்டும். உங்கள் வீட்டில் மரவேலை நடக்கிறதா? மாஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலியில் பிடிக்காதீர்கள்.