தாழ்த்துவதற்கு முன் அளந்துவிடு

அன்புத் தம்பிக்கு,

அப்பாவுக்கு இடுப்பு வலி கொஞ்சம் தேவலை. மே மாதம் டோர்ட்முண்டுக்கு வரும்போது உன் வண்டியில்தான் ஊர் சுற்றப் போவதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வண்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் ஜிடி86-க்கு எந்த லோயரிங் ஸ்பிரிங் வாங்கலாம் என்று போனில் கேட்டாய். ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். சஸ்பென்ஷன் டியூனிங்கே பிழைப்பாக இருக்கிற எனக்கு அதற்கு மனம் வரவில்லை. தினமும் வேலைக்குப் போய்வருகிற வண்டி அது. சனி ஞாயிறு மட்டும் வெளியே எடுக்கிற வண்டியாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நாலு விரல் போகிற இடைவெளி உன் கண்ணை உறுத்துகிறது. புரிகிறது, எனக்கும் அது அழகாகப் படவில்லை. ஆனால் சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கு அந்த வண்டிக்கு இருக்கிற இடமே அதுதான். அதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. ஸ்பிரிங்கின் நிறமும் பெயரும் அப்புறம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வண்டி நிற்கிற நிலையிலிருந்து சக்கரம் மேலும் ஏறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும்வரை 70 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வை. 30 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் 40. பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிற சக்தி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 70-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கப்படுத்து: ஏறக்குறைய மூன்று. அதாவது முன்பு ரப்பரைத் தொடாமல் தாங்கிய அதே குலுக்கலை இப்போதும் தாங்க, ஸ்பிரிங் மூன்று மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் சாதாரணமாகக் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கூடுதல் விறைப்பு. மீதி வேலையைப் பம்ப் ஸ்டாப் ரப்பர்தான் செய்கிறது. தாழ்த்திய பல வண்டிகளில், சாலை நன்றாக இருக்கும்வரை சுகமாக இருந்துவிட்டு, ஒரு மேன்ஹோல் மூடியில் ஏறியதும் முதுகுத்தண்டில் 'டக்' என்று அடிப்பது இதனால்தான். முன்சீட்டில் அப்பா உட்காரப் போகிறார் என்பதை நினைத்துப் பார்.

20 மில்லிமீட்டரோடு நிறுத்தினாலே தேவை இரண்டு மடங்காகிறது. ஆகவே என் முடிவு இதுதான்: 20, மிஞ்சினால் 25. அதற்கு மேல் வேண்டாம். ஐபாக் கம்பெனியின் ஸ்பிரிங்குகளில் ப்ரோ-கிட் மிதமானது. ஸ்போர்ட்லைன் அதைவிடக் கீழே இறங்கும், அந்தப் பக்கமே போகாதே.

இறக்கினால் வளைவில் வண்டி சாயாது என்று உன் நண்பன் சொன்னதாகச் சொன்னாய். பாதிதான் சரி. உன் வண்டிக்கு முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டபுள் விஷ்போன். முன்பக்க லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்திருந்தால் நல்லது. வண்டியை இறக்க இறக்க அந்தச் சரிவு குறையும். ஒரு கட்டத்தில் அதன் வெளிமுனை மேல்நோக்கித் திரும்பிவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் சாய்வும் கூடத்தான் செய்யும். விறைப்பான ஸ்பிரிங் அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். சாய்வு மட்டும்தான் உன் குறை என்றால் கொஞ்சம் தடித்த ஆன்டி ரோல் பார் போடு, உயரத்தில் கைவைக்கவே வேண்டாம்.

இனி ஷாக் அப்சார்பர். பழைய வண்டியாக வாங்கியிருக்கிறாய். ஷாக்குகள் ஒருமுறையும் மாற்றப்படவில்லை என்று நீயே சொன்னாய். களைத்துப்போன ஷாக்கின் மேல் விறைப்பான ஸ்பிரிங்கை வைத்தால், மேடு தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். பணம் போதாவிட்டால் ஸ்பிரிங்கைத் தள்ளிப்போடு, ஷாக்கைத் தள்ளிப்போடாதே. பில்ஸ்டைன் ஷாக்குகளில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கென்றே நீளம் குறைத்துச் செய்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. உன் வண்டியின் மாடல் எண்ணைக் கொடுத்து, பொருந்துமா என்று கேட்டபிறகு வாங்கு.

நீ இருக்கிற இடம் எப்படிப்பட்டது தெரியுமா? பில்ஸ்டைனின் ஊரான என்னெபெடால் உனக்குக் கொஞ்ச தூரத்தில். ஐபாக்கின் ஃபின்னென்ட்ராப், இன்னொரு ஸ்பிரிங் கம்பெனியான எச் அண்ட் ஆரின் லென்னெஸ்டாட் எல்லாம் உனக்குத் தெற்கே சாவர்லாந்து மலைப்பக்கம்தான். இன்றைக்கும் பயன்படுகிற மோனோட்யூப் கேஸ் ஷாக்கை, 1957-லேயே மெர்சிடிஸ் காருக்காக வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்தது பில்ஸ்டைன். படிக்கிற காலத்தில் அந்த ஊர்ப் பெயர்களைப் பாகங்களின் அட்டைப்பெட்டிகளில் மட்டுமே பார்த்தவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வண்டியை விடு. சாவர்லாந்து வளைவுகளில் ஓட்டினால் உன் வண்டிக்கு என்ன தேவை என்பது உனக்கே பிடிபடும்.

காயிலோவர் பற்றிக் கேட்டாய். மரையைத் திருகி உயரத்தை வேண்டியபடி மாற்றலாம், உண்மை. ஆனால் உங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். அந்த மரையில் உப்பு ஏறி இறுகிவிட்டால் மாற்றுகிற வசதி இருந்தும் பயனில்லை. துருப்பிடிக்காத ஸ்டீலில் கேடபிள்யூ கம்பெனி காயிலோவர் செய்கிறது, விலையும் அதற்கேற்றபடி. உனக்கு இப்போது தேவையில்லை.

வேலையை எந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும் ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார். லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர், உள்ளே இருக்கிற இரும்புக் குழாயோடு ஒட்டியே வரும். வண்டி ஜாக்கில் தொங்கும்போது போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டால், இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி சரியான உயரத்துக்கு வராது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். போல்ட்டுகளை விரல் இறுக்கத்தில் விட்டு, நாலு சக்கரத்திலும் எடை ஏறியபிறகுதான் டார்க் ரென்ச்சால் கடைசி முறுக்கு. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை, சொல். டாப் மவுன்ட், டஸ்ட் பூட், பம்ப் ஸ்டாப் மூன்றையும் புதிதாகவே போடச் சொல். ஸ்பிரிங்கை வெட்டிச் சிறிதாக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதே.

சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்ததும் வீல் அலைன்மென்ட். சக்கரத்தின் சாய்வான கேம்பர் சற்று மாறியிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சக்கரம் நோக்குகிற திசையான டோ தவறினால் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமல் தேய்ந்துவிடும். ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்க்கச் சொல். ஸ்பிரிங்கோடு வரும் சான்றிதழ்த் தாளைப் பத்திரமாக வைத்து, ஸ்பிரிங் போட்ட உடனேயே வாகனச் சோதனை நிலையமான ட்யூஃபில் காட்டிப் பதிவு செய்துவிடு. அதைச் செய்யாமல் ஓட்டினால் அங்கே வண்டியின் சாலை அனுமதியே செல்லாமல் போகும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸிலும் தகராறு. நீ வீல்களையும் மாற்ற நினைத்தால் இரண்டும் சேர்ந்து செல்லுமா என்று முதலிலேயே கேள்.

இதற்கெல்லாம் முன்னால் டயரைப் பார். வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 215/45 ஆர்17 அளவில் மிதமான பிடிப்புள்ள டயரைத்தான் போட்டுக் கொடுத்தார்கள். இன்னும் அதே வகைதான் இருக்கிறது என்றால், நல்ல கோடைக்கால டயர் ஒரு செட் மாற்றினாலே, வளைவில் வண்டி நன்றாகப் போக வேண்டும் என்ற உன் ஆசையில் பாதி தீர்ந்துவிடும்.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நாலு பக்கமும் டேப்பால் அள. பின்பக்க ஷாக்கின் டஸ்ட் பூட்டைத் தூக்கி, பளபளக்கிற தண்டில் ஒரு சின்ன கேபிள் டை கட்டி அடிவரை தள்ளிவிடு. தினமும் போகிற வழியிலேயே ஒரு வாரம் ஓட்டு. டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ, அவ்வளவு தூரம் உன் ஷாக் அமுங்கியிருக்கிறது. அந்த அளவையும் நாலு எண்களையும் போட்டோவோடு வாட்ஸப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு ஆர்டர் போடு.

உன் அக்கா