வேணுங்கிறப்ப வளையுற பட்டாளம்

'அஜைல்' என்றொரு சொல் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளிலிருந்து கிளம்பி, பட்டாளத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மலைப் பக்கம் 17 கம்ப்யூட்டர்காரர்கள் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் வழியில் வந்த நடைமுறை ரொம்ப எளிது. எல்லாத்தையும் மேலேயே தீர்மானிச்சு கீழே இறக்காதே. சின்னக் குழுவா இரு. கொஞ்சம் செய், பார், திருத்து. வேலையைக் கையால செய்யறவன் என்ன சொல்றான்னு கேளு.

பட்டாளங்கள் இதை வேறு பெயரில் முன்பே பேசியிருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யப் படையில் 'எதை முடிக்க வேண்டும்' என்பதை மட்டும் மேலே சொல்வார்கள். எப்படி முடிப்பது என்பது களத்தில் நிற்பவன் பாடு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. ஒத்திகைச் சண்டை முடிந்ததும் எல்லாரும் உட்கார வேண்டும். என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் என்று பேச வேண்டும். அந்த நேரத்துக்குப் பதவி கிடையாது. சிப்பாய் அதிகாரியின் தப்பை முகத்துக்கு நேரே சொல்லலாம். பிறகு ஈராக்கில் ஜெனரல் மெக்கிரிஸ்டல், நம்முடைய பெரிய இயந்திரம் சின்னச்சின்னக் கும்பல்களிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று கண்டு, தகவலைப் பூட்டிவைக்காமல் எல்லாருக்கும் திறந்துவிட்டார். 2015-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கீழே இருப்பவன் வாய் திறக்க வேண்டும், மேலே இருப்பவன் காது கொடுக்க வேண்டும். இந்த நாட்டில் வாய்க்கும் காதுக்கும் நடுவே சாதி குந்தியிருக்கிறது. நான் படித்த நிர்வாகவியல் கட்டுரைகளில் இது ஒரு வரிகூட இல்லை.

எங்கள் தாத்தா 1942-இல் பெங்களூருக்குப் போய் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். 1780-இல் இரண்டு கம்பெனி பயனியர்களாகத் தொடங்கிய படை அது. பதுங்குகுழி வெட்டுவது, பாலம் போடுவது, கண்ணி எடுப்பது அவர்கள் வேலை. பறையர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். மண் வெட்டும் வேலை என்பதால் 'மேன்மக்கள்' போட்டிக்கு வரவில்லை என்று தாத்தா சிரிப்பார். அங்கே சாதி என்னவென்று கேட்டால் 'குயின்சாப்' என்று பதில் சொல்வார்களாம். குயின்ஸ் சாப்பர்ஸ் என்கிற பெயரே தேய்ந்து சாதியாகிவிட்டது. ஒரே அண்டாச் சோறு.

பர்மாவில் ஒரு ராத்திரி, ஆற்றுக்குப் பாலம் போட வெள்ளைக்கார அதிகாரி இடம் குறித்துவிட்டார். "மண்ணு நிக்காது சாப்"னு தாத்தாதான் சொல்லியிருக்கார். "அவன் என்னை ஒண்ணும் திட்டலடா. குந்திக்கினு மண்ண எடுத்துப் பிசஞ்சு பாத்தான். அப்பறம் முப்பதடி தள்ளிப் போடுன்னான்." இந்தக் கதையை அவர் சாகிறவரைக்கும் சொன்னார். பாலம் நின்றது அவருக்குப் பெரிசில்லை. ஓர் அதிகாரி தன் சொல்லுக்காகக் குந்தினான் என்பதுதான். 1946-இல் ஊர் திரும்பியவரைக் கிராமச் சாவடியில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி, கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். 1957-இல் நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கியபோது மண்வெட்டியோடு இங்கே வந்தவர், அந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

வெள்ளைக்காரனைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அதே பெங்களூரில் 1912-இல் மதராஸ் சாப்பர்ஸில் ஒரு கருவி உருவானது. வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, முள்வேலிக்கு அடியில் தூரத்திலிருந்தே தள்ளி வெடிக்கிற 'பெங்களூர் டார்பிடோ'. 1944-இல் நார்மண்டிக் கடற்கரை வரைக்கும் போனது. கேப்டன் மெக்ளின்டாக் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. குழாயைப் பொருத்திப் பார்த்த கைகளுக்குப் பெயர் இல்லை.

வெள்ளைக்காரன் பட்டாளம் வளைந்ததெல்லாம் தனக்கு வேணுங்கிறப்பதான். ராபர்ட்ஸ் பிரபு காலத்தில் 'போர்ச்சாதி' என்றொரு சரக்கை அவிழ்த்துவிட்டு, 1892 வாக்கில் மகர்களுக்குக் கதவை மூடினார்கள். மதராஸ் காலாட்படை தேய்ந்து தேய்ந்து 1920களின் கடைசிக்குள் இல்லாமலே போயிற்று. சாப்பர்ஸ் மட்டும் மிஞ்சியது. முதல் உலகப்போரில் ஆள் பஞ்சம் வந்ததும் 1917-இல் 111-ஆவது மகர் படை, 1921-இல் கலைப்பு. 1941-இல் மறுபடி மகர் ரெஜிமென்ட்; அதற்காக அம்பேத்கர் விடாமல் வாதாடினார். 1943-இல் சமார் ரெஜிமென்ட். 1946-இல் அதுவும் கலைப்பு. இதைவிட 'அஜைல்' எது? சண்டை வந்தால் சேர்ப்பது, முடிந்தால் கழிப்பது.

இதையெல்லாம் இப்போது தோண்டக் காரணம் என் அக்கா மகன். பத்தொன்பது வயசு. அக்னிவீர் ஆக வேண்டுமென்று டவுன்ஷிப் ரோட்டில் தினம் ஓடுகிறான். "பட்டாளம் இப்ப அஜைல் ஆயிடுச்சு மாமா, இளரத்தம் வேணும்கிறாங்க" என்கிறான். 2022 ஜூனில் அறிவித்த திட்டம். நாலு வருசம் வேலை. கடைசியில் நூற்றுக்கு 25 பேர் வரைக்கும்தான் நிரந்தரம். மற்றவர்கள் கையில் ஒரு தொகையோடு வீட்டுக்கு. ராணுவத்தின் சராசரி வயது 32-லிருந்து 26-க்கு இறங்கும், துடிப்பு ஏறும் என்றார்கள்.

வயது இறங்கட்டும். எனக்கு உறுத்துவது வேறே. அந்த 25-இல் ஒருத்தனாக வர வேண்டும் என்றால் மேலதிகாரி மதிப்பெண் போட வேண்டும். அப்படி இருக்கிறவன் 'மண்ணு நிக்காது சாப்' என்று சொல்வானா? ஒப்பந்தத் தொழிலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பெல்ட் கிழியப் போகிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். கேட்டாலொழிய சொல்ல மாட்டார்கள். அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்க வேண்டுமே. நிரந்தரம் இல்லாதவனிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? கலிபோர்னியாப் பாலைவனத்துச் சிப்பாய்க்கும் நாளை வேலை இருக்கிறது என்ற தைரியம் கொஞ்சமாவது இருந்திருக்கும். பட்டாளத்தை மாற்ற நினைக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். அடுத்து, சாதிப் பெயரைத் தாங்கிய ரெஜிமென்டுகளைப் பற்றிப் பேசட்டும்.

"அப்ப போவாதன்னு சொல்றியா மாமா?" என்று கேட்டான். போகாதே என்று சொல்ல என் கையில் வேறு வேலை இல்லை. தாத்தாவை மனுசனாக நடத்திய முதல் இடமும் அதுதானே. "போ. ஆனா சாப்பர்ஸ் கேளு" என்றேன்.

விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழும் வைக்கணும். 2022 ஜூலையில் இதைப் பற்றிச் சர்ச்சை கிளம்பியபோது, பழைய வழக்கம்தான், புதுசா எதுவும் இல்லை என்று அரசு விளக்கம் சொன்னது. திங்கட்கிழமை அவனோடு தாலுகா ஆபீசுக்குப் போகிறேன்.