ஆயிரம் மடல்கள்

நுழையும்முன்

ஒருவரிடம் திறமை இருப்பது வேறு. அது பிறர் கண்ணில் படுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை இணையம் அழித்துவிட்டதாக இன்று பலரும் கருதுகின்றனர். கையிலொரு கைப்பேசி இருந்தால் உலகமே தம்மைப் பார்க்கும் என்று இளைஞர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு உண்மை? அமெரிக்காவின் வேளாண் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட கால்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

2014ஆம் ஆண்டின் கால்பந்துப் பருவம் முடிந்திருந்த நேரம். கலிபோர்னியா மாநிலத்தின் ரீட்லி கல்லூரியில் பயின்ற 18 வயது மாணவர் ஒருவர், நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களின் பயிற்றுநர்களுக்கு மின்மடல் அனுப்பத் தொடங்கினார். ஓரிடத்தில் ஒருவருக்கு மட்டும் எழுதிவிட்டு அவர் காத்திருக்கவில்லை. தலைமைப் பயிற்றுநர், தாக்குதல் ஆட்டத்தை வகுப்பவர், பந்தெறிவோருக்குப் பயிற்சி தருபவர், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர் என ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பலருக்கு எழுதினார். அவர் அனுப்பியவை ஏறத்தாழ ஆயிரம் மடல்கள். அவற்றின் வழியே அவர் வேண்டியது ஒன்றுதான்: களத்தில் தம் திறனைக் காட்ட ஓர் இடம்.

அம்மாணவரின் பெயர் ஜோஷ் ஆலன்.

பருத்தி வயல்களின் நடுவே

கலிபோர்னியா என்றதும் திரைப்பட நகரமும் கடற்கரையும் நினைவுக்கு வரும். ஆலன் வளர்ந்த ஃபயர்பா அத்தகைய ஊர் அன்று. சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 8000 மக்கள் வாழும் உழவர் ஊர் அது. பருத்தியும் முலாம்பழமும் விளையும் அந்நிலத்தில் ஆலனின் குடும்பத்தினர் சுமார் 3000 ஏக்கர் பரப்பில் வேளாண்மை செய்துவந்தனர். பண்ணை வேலைகளுக்கு ஆலனும் விலக்கல்லர். பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் ஆகிய மூன்றையும் அவர் விளையாடினார். ஒரே விளையாட்டில் ஊன்றி, கோடைதோறும் பயிற்சி முகாம்களைத் தேடி ஊர் ஊராகச் செல்வது அவர் வழக்கமாக இருக்கவில்லை.

அருகிலிருந்த ஃபிரஸ்னோ மாநிலப் பல்கலைக்கழக அணியில் ஆட வேண்டும் என்பதே அவருடைய இளமைக்காலக் கனவு. 2014இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது அப்பல்கலைக்கழகம் அவரை அழைக்கவில்லை. முதல்நிலைப் பல்கலைக்கழகம் வேறெதுவும் அழைக்கவில்லை. அதனால்தான் அவர் ரீட்லியின் ஈராண்டுக் கல்லூரிக்குச் சென்றார்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கக் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்திலிருந்து வேறுபட்டது. இரு முனைகளும் கூரிய நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவர். அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைப் பெற்று, அதை யாரிடம் சேர்ப்பது என நொடிப்பொழுதில் முடிவு செய்பவர் குவாட்டர்பேக் எனப்படுவார். ஜோஷ் ஆலன் இவ்விடத்தில் ஆடுபவர்.

பார்வைக்காக ஒரு போட்டி

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கால்பந்து பெரும் திருவிழா. பல்லாயிரவர் அமர்ந்து காணும் அரங்குகள் பல்கலைக்கழக வளாகங்களிலேயே உள்ளன. ஆலன் கல்லூரியில் சேர்ந்த காலத்தில், மிக உயர்ந்த பிரிவில் 120க்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன. அக்காலத்தில் ஓர் அணி 85 வீரர்களுக்கு முழுக் கல்வி உதவித்தொகை வழங்க முடிந்தது. கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை அது ஈடுசெய்யும். எளிய குடும்பத்து மாணவருக்கு அத்தகைய அழைப்பு ஒன்று வாழ்வின் திசையையே மாற்றிவிடும்.

அவ்வழைப்பைப் பெறுவதற்கான போட்டி களத்துக்கு வெளியேதான் கடுமையாக நடக்கிறது. வீரர்களை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள், பள்ளி மாணவர்களுக்கு ஐந்து விண்மீன்கள் வரை வழங்கித் தரவரிசைப்படுத்துகின்றன. 2006இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஹடில் போன்ற தளங்களில் மாணவர்கள் தம் ஆட்டக் காட்சிகளைத் தொகுத்து வெளியிடுகின்றனர். பயிற்றுநருக்கோ பார்க்க வேண்டிய காட்சிகள் ஏராளம், நேரம் குறைவு. ஆகவே மிகச் சிறந்த எறிதலைத் தொடக்கத்திலேயே வைப்பர். பிழைத்த எறிதல்களை வெட்டி எறிவர்.

இத்தகைய தொகுப்பில் வீரரின் வலிமை தெரியும், விரைவு தெரியும். தோல்விக்கு மறுநாள் அவர் பயிற்சிக்கு வந்தாரா என்பது தெரியாது. தம் பிழையால் அணி தோற்றபோது தோழர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதும் தெரியாது. வெட்டி எறியப்பட்ட அப்பகுதியில்தான் ஒருவரின் இயல்பு பெரிதும் ஒளிந்திருக்கிறது.

2021ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இப்போட்டி புதிய வடிவம் பெற்றது. கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பொருள் ஈட்டலாம் என்று அன்று விதி தளர்த்தப்பட்டது. சமூக ஊடகத்தில் பின்தொடர்வோரின் எண்ணிக்கையே பணமாக மாறியது. டெக்சாஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற பள்ளி வீரரான குவின் யூவர்ஸ், அவ்வாண்டே பள்ளியின் இறுதியாண்டு ஆட்டங்களைத் துறந்து ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு அங்கே களமிறங்கும் வாய்ப்பு அவருக்கு ஏறத்தாழக் கிட்டவேயில்லை. ஆட்டத்துக்குப் பின் புகழ் வந்த காலம் போய், ஆட்டத்துக்கு முன்பே புகழ் வந்து நிற்கும் காலம் தோன்றியது.

இரண்டே விடைகள்

ஆலனுக்கு அத்தகைய முன்புகழ் ஏதும் இல்லை. ஆயிரம் மடல்களை அனுப்பியும் அவரை அழைத்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள்: ஒன்று கிழக்கு மிச்சிகன், மற்றொன்று வயோமிங். அவர் வயோமிங்கைப் பார்த்து வந்தபின் கிழக்கு மிச்சிகன் தன் அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எஞ்சியது ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 7000 அடிக்கு மேல், காற்றும் பனியும் வீசும் லாரமி நகரில் உள்ள அப்பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றார்.

அங்கும் வழி எளிதாக அமையவில்லை. 2015ஆம் ஆண்டு, பருவத்தின் இரண்டாம் ஆட்டத்திலேயே அவருடைய காறை எலும்பு முறிந்தது. எதிரே ஆடிய அணி, அழைத்துப் பின் மறுத்த அதே கிழக்கு மிச்சிகன். அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்களை அவர் வெளியே இருந்துதான் பார்க்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு மீண்டு வந்து, தம் அணி மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பின் இறுதிப்போட்டி வரை செல்லத் துணைநின்றார். அதன்பின்னரே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாண்டுகளுக்கு முன் விடைகூட எழுதப்படாத ஒருவரைத் தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் தேடி வந்தனர்.

மறந்துபோன வரிகள்

2018 ஏப்ரல் 26 அன்று தொழில்முறை அணிகள் தமக்குரிய புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்க இருந்தன. முதற்சிலருள் ஆலன் தேர்வு பெறுவார் என எல்லாரும் எதிர்பார்த்தனர். அதற்கு முந்தைய இரவு, பள்ளி மாணவராக இருந்தபோது ட்விட்டரில் அவர் எழுதிய சில பழைய வரிகள் வெளிவந்தன. இனம் சார்ந்து பிறர் மனத்தைப் புண்படுத்தும் இழிசொற்கள் அவற்றில் இருந்தன. சில மணி நேரத்துக்குள் நாடெங்கும் அவை பரவின.

ஆலன் அவற்றை மறுக்கவில்லை. அறியாப் பருவத்தில் எழுதியவை என ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பில்ஸ் அணி அவரை ஏழாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. எனினும் அறியாப் பருவம் என்னும் விளக்கம் அச்சொற்களால் புண்பட்டோரின் வலியை ஆற்றிவிடுமா? ஒரே ஆடையறையில் அவரோடு அமரப்போகும் பல இனத்து வீரர்களின் நம்பிக்கையை ஒரு மன்னிப்பு பெற்றுத் தந்துவிடுமா? அதை அவர் நாள்தோறும் தம் நடத்தையால்தான் ஈட்ட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் சற்றே நின்று எண்ண வேண்டும். எல்லாரும் படிக்க வேண்டும் என்று அவர் ஏங்கி அனுப்பிய மடல்கள் ஆயிரம். அவற்றைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. யாரும் படிக்கப்போவதில்லை என்று எண்ணி அவர் எழுதிய வரிகள் சில. அவற்றை நாடே படித்தது. எது கவனிக்கப்படும், எது கவனிக்கப்படாது என்பதை எழுதுபவர் முடிவு செய்ய இயலாது. விரல்நுனியில் பிறக்கும் ஒரு சொல் எந்நாளில், எவர் முன், எவ்வடிவில் திரும்பி வரும் என்று முன்கூட்டி அறிந்தார் எவருமிலர்.

திருத்திக்கொண்ட எறிதல்

பஃபலோவில் முதலாண்டு ஆலன் எறிந்த பந்துகளில் தம் அணியினரைச் சென்று சேர்ந்தவை 52.8 விழுக்காடே. வலிமை மிகுதி, குறி குறைவு என்று திறனாய்வாளர் கூறினர். அவர் கால் வைக்கும் முறையையும் உடலைத் திருப்பும் முறையையும் மாற்றிக்கொள்ளப் பருவம்தோறும் உழைத்தார். 2020இல் அவ்விழுக்காடு 69.2 ஆக உயர்ந்தது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் மிகச்சிறந்த வீரர் என்னும் விருதும் அவரை வந்தடைந்தது. எந்தக் காட்சித் தொகுப்பிலும் இடம்பெறாத பயிற்சி நாள்களின் விளைச்சல் அது.

பதினேழு டாலர்

2020 நவம்பரில் ஆலனின் பாட்டி காலமானார். துயரைத் தாங்கிக்கொண்டு மறுநாள் ஆலன் களமிறங்கினார், அணி வென்றது. செய்தியறிந்த பஃபலோ மக்கள் அவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு வழி கண்டனர். அவர் துணைநின்றுவந்த, அந்நகரின் ஓய்ஷி குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒவ்வொருவராக 17 டாலர் அனுப்பத் தொடங்கினர். 17 என்பது ஆலனின் சட்டை எண். சமூக ஊடகத்தில் ஒருவர் சொல்லப் பிறர் தொடர, சிறுதுளிகள் பெருகி விரைவிலேயே பத்து லட்சம் டாலரைக் கடந்தன. அம்மருத்துவமனையின் ஒரு பகுதிக்கு அப்பாட்டியின் பெயரே சூட்டப்பட்டது.

ஒரு காலத்தில் அவரைக் கண்டுகொள்ளாத அதே இணையம், பின்னர் அவருடைய பிழையை ஊரறியச் செய்த அதே இணையம், இப்போது முகமறியாதாரின் அன்பைக் குழந்தைகளின் நோய்ப்படுக்கை வரை கொண்டு சேர்த்தது. கருவி ஒன்றே. அதன் வழியே சென்றவை வேறுவேறு.

இன்று பள்ளி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளைஞருள் பலர், விளையாட்டிலோ இசையிலோ எழுத்திலோ தம் திறமையை உலகம் காண வேண்டும் என்று விரும்புகின்றனர். அவ்விருப்பம் குற்றமன்று, ஆலனும் அதைத்தான் விரும்பினார். விடை வராத மடல்களால் அவர் தம் எறிதலை நிறுத்திவிடவில்லை என்பது கருதத்தக்கது. பஃபலோவின் அம்மருத்துவமனையில் நோய் நீங்கி வீடு திரும்பும் குழந்தைகளுக்கு அவருடைய ஆட்டம் தெரியாமலிருக்கலாம்; விண்மீன் மதிப்பெண்களும் தெரியாமலிருக்கலாம். ஃபயர்பாவின் பருத்தி வயல்களிடையே பேரனை வளர்த்த குடும்பத்து மூதாட்டி ஒருவரின் பெயர் மட்டும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.