முதலில் சூடு, பிறகு பால்

பூனை ஏழு வீடு மாற்றிக் குட்டி வளர்க்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். புனேயின் கோர்படி பகுதியில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் ஒற்றைக் குட்டி கிடந்தபோது அதை நினைத்துத்தான் சட்டென்று கை வைக்காமல் இருந்தோம். தாய் ஒன்றொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். கடைசிக் குட்டிக்கு அது திரும்பி வருவதற்குள் நாம் இரக்கப்பட்டு எடுத்துவிட்டால், தாயிருந்தும் குட்டி அநாதையாகிவிடும். இருட்டும் வரை எட்ட நின்று பார்த்தோம். தாய் வரவில்லை. டிசம்பர் மாதம் வேறு. இங்கே ராக்குளிர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். தொட்டுப் பார்த்தால் குட்டி சில்லென்றிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு கீழ்வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி) கிண்ணத்தில் பாலுடன் வந்துவிட்டார். நல்ல மனசு. ஆனால் சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. அந்த நிலையில் அதன் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெம்பிருக்காது. பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். பிறந்து மூன்று நான்கு வாரம் வரை பூனைக்குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவையும்தான் அதற்குக் கணப்பு. வெந்நீர் பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஒரு பக்கமாக மட்டும் வைத்தோம். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் வேண்டும் அல்லவா?

"அப்புறம் என்னதான் குடுக்கிறது?" என்று ஆஜி மராத்தியில் கேட்டார். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்காகும். அத்தனை சிறிய உடம்பு நீர்வற்றிப்போக நேரமே ஆகாது. பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறார்கள். அதை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். குடித்த பிறகு ஈரப்பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும். மூன்று வாரம் ஆகாத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. தாய் நக்கிவிட்டுத்தான் போகவைக்கும். ஆஜி இதைச் சிரிக்காமல், முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டார். பகலில் நான் வேலைக்குப் போனபோது குட்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

சமையலறைத் தராசுதான் எங்களுக்குப் பெரிய துணை. பிறக்கும்போது நூறு கிராம் அளவில் இருக்கும் குட்டி, நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை பழகுகிற கைகளையும் கேட்கிற சத்தங்களையும்தான் பூனை தன் உலகமாக எடுத்துக்கொள்ளும். இங்கே ரயில் சத்தத்துக்குக் குறைவில்லை. பக்கத்திலேயே டீசல் லோகோ ஷெட். இன்ஜின் ஊதினால் எங்கள் குட்டி காதைக்கூட அசைப்பதில்லை.

நடக்கத் தொடங்கியதும் நம் வீட்டுப் பொருட்களே எமனாகும். அலமாரியின் அந்துருண்டை, பூஜை அறைக் கற்பூரம், தரை துடைக்கும் பினாயில், பூச்சாடி லில்லி எல்லாம் பூனைக்கு நஞ்சு. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். பினாயில் நின்றது, வெறும் சோப்புத் தண்ணீரில் துடைக்கிறோம்.

எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டாயிற்று. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். ஊசியோடு பதிவும் உண்டு. வீட்டுப் பூனைகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று புனே மாநகராட்சி 2022-இல் முடிவெடுத்தபோது சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது நல்ல முடிவாகவே பட்டது. நாய்க்குக் கணக்கு இருக்கும்போது பூனைக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

குட்டி பெண். நான்கு மாதத்திலேயே சினையாகிவிடக்கூடும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே, பாவம் என்கிறார் ஆஜி. அப்படி ஒரு ஈற்றுக்கு விடுவதால் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நானும் அந்தக் கட்சிதான். கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அன்று ஆஜியும் கூட வருகிறார்.