கடைசி அலசல் நல்ல தண்ணியில்

ராமநாதபுரம் கடலோரத்தில் துணி காய்ந்துவிட்டது என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. உப்புத் தண்ணியில் அலசிய உள்ளாடை உச்சி வெயிலில் மொடமொடவென்று காய்ந்து கிடக்கும். ராத்திரி எடுத்துத் தொட்டால் இடுப்புப் பட்டையில் பிசுபிசுப்பு. நூலுக்குள் தங்கிவிட்ட உப்பு, கடல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கசடாகப் படிந்து, துணியைச் சொரசொரப்பாக்குகிறது. தொடை இடுக்கு அரிப்பும் படர்தாமரையும் இந்த ஈரத்தில்தான் வளர்கின்றன.

குடிக்கவே குடக்கணக்கில் நல்ல தண்ணி வாங்கும் ஊர்களில், துணிக்கும் அதையே செலவழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளாடைகளை மட்டும் தனியாகச் சேர்த்து, கடைசி அலசலுக்கு அரை வாளி ஒதுக்கலாம். பாம்பன் பக்கம் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அந்த அரை வாளி அவசியம் வேண்டும்.

துவைப்பதில் மட்டுமல்ல, வாங்குவதிலும் கவனம் வேண்டும். முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் பருத்தி விளைகிறது. ஆனால் ஜட்டி நமக்குத் திருப்பூரிலிருந்துதான் வருகிறது. அங்கே சாயக் கழிவால் நொய்யல் ஆறு பாழானது. கழிவுநீர் துளியும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் அடர்சாயம் ஏறாததையே நான் தேடி வாங்குவேன். 'கோட்ஸ்' (GOTS) என்ற தர முத்திரையோடு 'ஆர்கானிக்' என்று போட்டிருந்தால், இழையில் குறைந்தது 95 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்ததாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்ததை வேண்டாம் என்றே சொல்வேன். துவைக்கத் துவைக்க உதிரும் பிளாஸ்டிக் இழை, சாக்கடை வழியாக மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் பக்கம் போய்ச்சேரலாம்.

எவ்வளவு நல்ல துணி வாங்கினாலும், பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் பயனில்லை. பெண்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சத்தைக் கற்றுக்கொடுத்தோம்? ஆண்களின் பனியனும் ஜட்டியும் தெருவைப் பார்த்தே காய்கின்றன. கொடியில் நல்ல வெயில் விழும் இடத்தை உள்ளாடைக்குக் கொடுங்கள். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, எலாஸ்டிக்கைப் பிடித்துத் தொங்கவிடாமல் துணிப் பக்கத்தில் கிளிப் போடுங்கள். காய்ந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். அதற்குமேல் வெயிலில் கிடந்தால் எலாஸ்டிக் தளர்ந்துபோகும்.